தோளில் கனக்காத குரோஷே சால்வை

கேள்வி இது: “குரோஷே கற்று ஓராண்டு ஆகிறது. இதுவரை இரண்டு சால்வைகள் பின்னியிருக்கிறேன். இரண்டும் போர்வையைப் போல் கனக்கின்றன. தோளில் போட்டால் படியாமல் விறைத்து நிற்கின்றன. குளிர் குறைந்து இளவெயில் தொடங்கும் பருவத்துக்கு லேசான சால்வை ஒன்று பின்ன ஆசை. எந்த நூல், எந்த ஊசி, எந்த வடிவம் எடுக்கலாம்?”

உங்கள் கையில் குறை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னும் குரோஷேயின் இயல்பே அது. ஒரு டபுள் குரோஷேயை உற்றுப் பாருங்கள்: நூல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஒரு சிறு தூணாக நிற்கும். அப்படிப்பட்ட தூண்களை இடைவெளி இல்லாமல் அடுக்கினால், இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங் துணியைவிடத் தடித்த துணிதான் வரும்; அதே பரப்புக்கு நூலும் கூடுதலாகச் செலவாகும். தடித்த நூலில் நெருக்கமாகப் பின்னினால் போர்வைதான் கிடைக்கும்.

ஆனால் குரோஷேக்கு ஒரு வரமும் உண்டு. நிட்டிங்கில் ஒரு கண்ணி நழுவினால் கீழே வரை பிரிந்துகொண்டே போகும். குரோஷேயில் ஒவ்வொரு பின்னலும் முடிந்தவுடன் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. ஊசியில் இருக்கும் ஒரே ஒரு வளையம்தான் திறந்திருக்கிறது. அதனால் எவ்வளவு பெரிய இடைவெளி விட்டாலும் துணி குலையாது. லேசான சால்வை வேண்டுமென்றால் இந்த வரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். மெல்லிய நூல், பெரிய ஊசி, நிறைய இடைவெளி. மூன்றும் சேர்ந்தால்தான் பலன். மெல்லிய நூலை மட்டும் மாற்றி, சிறிய ஊசியில் இறுக்கிப் பின்னினால் மெல்லிய அட்டை கிடைக்கும்.

நூல் வாங்கும்போது சுற்றுச்சீட்டில் நிறத்தின் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். டிகே எனப்படும் நடுத்தர நூலில் ஏறக்குறைய 200 முதல் 250 மீட்டர் இருக்கும். ஃபிங்கரிங் அல்லது 4 பிளை என்று விற்கப்படும் நூலில் சுமார் 400 மீட்டர். லேஸ் நூலில் 800 மீட்டர் அளவுக்கு வரும். உங்கள் முதல் இரண்டு சால்வைகளும் டிகே அல்லது அதைவிடத் தடித்த நூலில் பின்னியவையாக இருக்க வேண்டும். அதிலிருந்து நேராக லேஸ் நூலுக்குத் தாவாதீர்கள். தலைமுடிபோல் இழையோடும் நூலில் பின்னலின் தலை எங்கே, கால் எங்கே என்று கண் பழக நாளாகும். 400 மீட்டர் நூல்தான் உங்களுக்குச் சரியான அடுத்த படி. அதிலேயே 160 கிராமில் முழுச் சால்வை ஒன்று வந்துவிடும். எப்படி என்று பின்னால் கணக்கோடு சொல்கிறேன்.

இழை எது என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரி. வெயில் பருவம் என்றவுடன் எல்லோரும் பருத்தியை எடுக்கிறார்கள். பருத்தி நல்ல இழைதான், உடம்புக்குக் குளிர்ச்சிதான். ஆனால் லேசானது அல்ல. ஒரு கன சென்டிமீட்டர் பருத்தி இழை சுமார் 1.5 கிராம் இருக்கும். கம்பளி இழை 1.3 கிராம்தான். அதோடு கம்பளி இயல்பிலேயே சுருண்டிருப்பதால் நூலுக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பருத்தி நூல் அடர்த்தியாக, வழவழப்பாக, நீட்டி மீளும் தன்மை இல்லாமல் இருக்கும். பெரிய இடைவெளிகள் விட்டுப் பருத்தியில் பின்னிய சால்வை, தன் எடையாலேயே நாளாவட்டத்தில் கீழ்நோக்கி இழுபடும். என் முதல் பருத்திச் சால்வை ஒரே பருவத்தில் ஒரு சாணுக்கு மேல் நீண்டது. பருத்திதான் வேண்டுமென்றால், அதோடு லினனோ, மூங்கில் கூழிலிருந்து செய்யும் இழையான மூங்கில் விஸ்கோஸோ கலந்த மெல்லிய நூலைத் தேடுங்கள். லினன் பின்னும்போது கயிறுபோல் முரண்டு பிடிக்கும்; இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு குழைந்து, பின்னர் வருடக்கணக்கில் அழகாகிக்கொண்டே போகும். மூங்கில் விஸ்கோஸ் மிக அழகாகத் துவளும். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், அதனால் துவைக்கும்போது முறுக்கிப் பிழியக் கூடாது.

இந்த வேலைக்கு என் முதல் தேர்வு மெரினோவும் பட்டும் கலந்த நூல். மெரினோ மென்மையான கம்பளி, கழுத்தில் உறுத்தாது. பட்டு மினுமினுப்பையும் துவளலையும் தரும். காலையில் குளிரும், நண்பகலில் வெயிலடிக்கும் பருவத்தில், இடைவெளி விட்டுப் பின்னிய மெல்லிய கம்பளி தோளைக் காக்கும், புழுங்க விடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், நனைத்து விரித்துக் காயவைத்தால் கம்பளி அந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். இடைவெளிகளோடு பின்னும் லேஸ் வேலைக்கு அந்த நினைவுதான் உயிர். மெஷினில் துவைக்கத் தக்கதாகப் பதப்படுத்திய கம்பளி ஈரத்தில் நன்றாக நீளும். அதையும் எடுக்கலாம், ஆனால் அளவை நனைத்துக் காய்ந்த பிறகே நம்புங்கள். அல்பாக்கா என்ற விலங்கின் கம்பளி மிகவும் கதகதப்பானது, குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் இழை எடையில் கம்பளியைவிடவும் லேசானதுதான். ஆனால் தண்ணீரில் நனைத்து விரித்தால் வடிவம் நிற்காது, நீராவி காட்ட வேண்டும். அயர்ன் பாக்ஸ் துணியைத் தொட்டுவிட்டால் இழை உருகித் தட்டையாகும், திரும்ப வராது.

மோஹேர் எனப்படும் அங்கோரா ஆட்டு முடியும் பட்டும் சேர்ந்த பஞ்சுபோன்ற நூலைப் பற்றியும் யோசித்திருப்பீர்கள். அதில் 100 கிராமுக்குள் முழுச் சால்வை பின்னலாம். தோளில் போட்டதே தெரியாது. ஆனால் தவறு வந்து பிரிக்க நேர்ந்தால் முடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரமாட்டேன் என்னும். இந்த முறை வேண்டாம். மூன்றாவது லேஸ் சால்வைக்கு எடுங்கள்.

நூல் பந்தாக இல்லாமல் சிட்டமாக, அதாவது தளர்வாக முறுக்கிய கட்டாக, வந்தால், பின்னத் தொடங்கும் முன் பொறுமையாகப் பந்தாகச் சுற்றிவிடுங்கள். 400 மீட்டர் மெல்லிய நூல் சிக்கினால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும்.

இப்போது ஊசி. சுற்றுச்சீட்டில் போட்டிருக்கும் அளவு நெருக்கமான துணிக்கு உரியது. 4 பிளை நூலுக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 மி.மீ. வரை பரிந்துரைப்பார்கள். சால்வைக்கு 4.5 மி.மீ. எடுங்கள், கை இறுக்கமென்றால் 5. முதல் சில வரிசைகள் தொளதொளவென்று ஒழுங்கில்லாமல் தெரியும். அது தவறல்ல, நனைத்து விரித்த பிறகுதான் அந்தத் துணி தன் முகத்தைக் காட்டும். பட்டு, மூங்கில் போன்ற வழுக்கும் நூலுக்கு மர ஊசி பிடிமானம் தரும். கம்பளிக்கு உலோக ஊசியில் கை வேகமாக ஓடும்.

வடிவத்துக்கு வருகிறேன். செவ்வகம், அரைவட்டம், பிறை என்று பல உண்டு. கழுத்தின் நடுவில் தொடங்கிக் கீழ்நோக்கி வளரும் முக்கோணத்தைத்தான் உங்களுக்குச் சொல்வேன். நீளமான அடிச்சங்கிலி போட்டு எண்ண வேண்டியதில்லை, எந்த வரிசையிலும் நிறுத்தலாம், எல்லா வரிசையும் ஒரே விதி. கீழே நான் சொல்லும் டபுள் குரோஷே அமெரிக்க வழக்குப்படியானது, அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடுவது. பிரிட்டிஷ் வழக்கில் இதற்கு ட்ரெபிள் என்று பெயர். அவர்கள் டபுள் குரோஷே என்பது அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷே, அதாவது ஊசியில் நூலைச் சுற்றாமல் போடும் குட்டைப் பின்னல். வேறு பேட்டர்ன் எதைப் பார்த்துப் பின்னினாலும் எந்த வழக்கு என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கனமான, குட்டையான சால்வைகள் சிலவற்றுக்கு இந்தக் குழப்பமே காரணம்.

இழுத்து மூடக்கூடிய நூல் வளையம் ஒன்று செய்துகொள்ளுங்கள். முதல் வரிசை: 4 சங்கிலி (ஊசியிலிருக்கும் வளையத்தின் வழியே நூலை இழுத்து எடுப்பது ஒரு சங்கிலி), இது ஒரு டபுள் குரோஷேக்கும் ஒரு சங்கிலிக்கும் சமம். வளையத்துக்குள் 3 டபுள் குரோஷே, 2 சங்கிலி, மறுபடியும் 3 டபுள் குரோஷே, 1 சங்கிலி, கடைசியாக 1 டபுள் குரோஷே. வளையத்தை இழுத்து மூடித் திருப்புங்கள். நடுவில் இருக்கும் 2 சங்கிலி இடைவெளிதான் சால்வையின் முதுகெலும்பு. அதில் ஒரு அடையாள வளையம் மாட்டிவைத்து வரிசைதோறும் மேலே நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

இரண்டாம் வரிசை: 4 சங்கிலி. முதல் இடைவெளியில் 3 டபுள் குரோஷே, 1 சங்கிலி. நடு இடைவெளியில் 3 டபுள் குரோஷே, 2 சங்கிலி, 3 டபுள் குரோஷே. பிறகு 1 சங்கிலி. கடைசி இடைவெளி முந்தைய வரிசையின் 4 சங்கிலியால் ஆனது. அதில் 3 டபுள் குரோஷே, 1 சங்கிலி. அந்த 4 சங்கிலியில் கீழிருந்து மூன்றாவதன் தலையில் 1 டபுள் குரோஷே. திருப்புங்கள். மூன்றாம் வரிசை முதல் இதேதான். வழியில் வரும் ஒவ்வோர் இடைவெளியிலும் 3 டபுள் குரோஷே, 1 சங்கிலி போட்டுக்கொண்டே போக வேண்டும். வரிசை எண்ணை இரண்டால் பெருக்கினால் அந்த வரிசையில் எத்தனை கொத்துகள் (3 டபுள் குரோஷே சேர்ந்தது ஒரு கொத்து) இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பத்தாம் வரிசையில் 20. குறைந்தால் ஓரத்தில் ஒன்றை விட்டிருப்பீர்கள்; தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் அந்தக் கடைசி இடைவெளிதான்.

ஓரத்தில் வரும் 4 சங்கிலியைத் தளர்வாகப் போடுங்கள். அந்தச் சங்கிலிகளே சால்வையின் மேல்விளிம்பாகின்றன. அவை இறுகினால் விளிம்பு சுருங்கி, சால்வை முறம்போல் குழிந்துவிடும். கை தளராது என்றால் 5 சங்கிலி போட்டு, திரும்பி வரும்போது நான்காவதன் தலையில் பின்னுங்கள்.

12 வரிசை முடிந்ததும் நிறுத்துங்கள். இந்த முறையின் அருமையே இங்குதான் இருக்கிறது. கையில் இருக்கும் சிறு முக்கோணம், வரப்போகும் சால்வையின் அச்சுப் பிரதி. வடிவம் மாறாமல் வளர்கிறது என்பதால் தனியாக மாதிரித் துண்டு பின்ன வேண்டியதில்லை. ஊசியிலிருக்கும் வளையத்தைப் பெரிதாக இழுத்துவிட்டு, நூலை வெட்டாமல், பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒதுக்கிவையுங்கள். முக்கோணத்தை மட்டும் நனைத்து, விரித்து, குண்டூசி குத்திக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு அளந்தால் மேல்விளிம்பு 34 செ.மீ., ஆழம் 17 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையின் உயரம் 1 செ.மீ. என்றால் இந்த அளவுதான் வரும். 60 வரிசை என்பது இதைப்போல் 5 மடங்கு. ஆகவே முழுச் சால்வை 170 செ.மீ. அகலம், 85 செ.மீ. ஆழம். தோளைச் சுற்றி முன்னால் முடிச்சுப்போடத் தாராளமாகப் போதும்.

எடையும் இப்போதே தெரிந்துவிடும். தொடங்கும் முன் பந்தை நிறுத்திருந்தால், இப்போது மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். 6.5 கிராம் குறைந்திருக்கிறதா? நீளம் 5 மடங்கானால் பரப்பு 25 மடங்கு. 6.5 கிராமை 25 ஆல் பெருக்கினால் 162 கிராம். 400 மீட்டர் நூலில் அது ஏறக்குறைய 650 மீட்டர். 100 கிராம் சிட்டம் இரண்டு வாங்கினால் ஓரத்துக்கும் மீதமிருக்கும். 60 வரிசை பின்னிய பிறகு கனக்கிறதே என்று வருந்துவதைவிட, 12 வரிசையில் தெரிந்துகொண்டு ஊசியை மாற்றுவது எவ்வளவு மேல். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று இதற்குப் போதும். குரோஷே பின்னுபவர்கள் ஊசிக்கு அடுத்தபடி வாங்க வேண்டிய கருவி அதுதான் என்பேன்.

கடைசிச் சோதனை துவளல். காய்ந்த முக்கோணத்தை மூடிய கைமுட்டியின்மேல் போடுங்கள். இருபுறமும் வழிந்து விழுந்தால் சரி. கூடாரம்போல் விரிந்து நின்றால், பிரித்துவிட்டு அரை மி.மீ. பெரிய ஊசியில் மறுபடி தொடங்குங்கள்.

சோதனையில் தேறினால் தொடருங்கள். 15 வரிசைக்குப் பிறகு ஒரு மாற்றம் செய்யச் சொல்வேன். ஒவ்வொரு கொத்திலும் 3 டபுள் குரோஷேக்குப் பதிலாக 1 டபுள் குரோஷே, 1 சங்கிலி, 1 டபுள் குரோஷே போடுங்கள். இதை வி பின்னல் என்பார்கள். அகலம் மாறாது, கணக்கு மாறாது. நூல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கழுத்தருகே துணி நெருக்கமாக இருந்து வடிவத்தைத் தாங்கும். கீழே போகப் போகக் காற்றாடும். கவனிக்க வேண்டியது ஒன்று: அடுத்த வரிசையை ஒரு வியின் நடுவில் இருக்கும் சங்கிலியில் போடாமல், இரண்டு விகளுக்கு இடையிலிருக்கும் இடைவெளியிலேயே போடுங்கள். ஒரே இடத்திலிருந்து கிளம்பும் இரண்டு தூண்கள் மேலே விலகிச் சாய்ந்திருக்கும். அதை வைத்து அடையாளம் காணலாம்.

இப்படிச் செங்கோண முக்கோணமாக வரும் சால்வை தோளிலிருந்து நழுவுகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆழத்துக்கு ஏற்றபடி இறக்கைகள், அதாவது இரு பக்க நுனிகள், நீளமாக இல்லை. நழுவுவது பிடிக்கவில்லையென்றால், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் இரு ஓர இடைவெளிகளிலும் ஒரு கொத்துக்குப் பதில் இரண்டு கொத்துகள் போடுங்கள். இறக்கைகள் நீண்டு, மேல்விளிம்பு பிறைபோல் வளைந்து, கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஆனால் அப்போது மேலே சொன்ன 25 மடங்குக் கணக்கு பொருந்தாது. நூலைச் சற்றுத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நூல் தீரும் வேகத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 30 வரிசை முடிந்ததும் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். கால்வாசி நூல்தான் செலவாகியிருக்கும். 42, 43 வரிசையில்தான் உண்மையான பாதி. கொத்துகளாகவே பின்னினால் அறுபதாம் வரிசை ஒன்றுமட்டும் 5 கிராம் கேட்கும். அதனால் 50 வரிசையைத் தாண்டியதும் ஒவ்வொரு வரிசைக்குப் பிறகும் பந்தை நிறுங்கள். ஓரத்துக்கு 15 கிராமாவது எடுத்துவைத்துவிட்டு நிறுத்துங்கள். ஓரம் எளிமையாக இருக்கட்டும்: ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு சிங்கிள் குரோஷே, அடுத்ததுக்குப் போக 5 சங்கிலி, நனைத்து விரிக்கும்போது அந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாகக் குண்டூசியால் இழுத்துக் குத்தினால் கூரிய இதழ்கள் வரும். விசிறி விசிறியாக அடர்ந்த ஓரம் படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் கீழே எடை சேர்ந்து சால்வையை இழுக்கும். லேசான சால்வைக்கு அது வேண்டாம்.

புதுப் பந்து சேர்க்கும்போது நடுவில் முடிச்சுப் போடாதீர்கள். இடைவெளி நிறைந்த துணியில் முடிச்சு ஒளிய இடமே கிடையாது. நாளடைவில் எட்டிப் பார்க்கும். ஓரத்தில் சேருங்கள், இருபுறமும் 15 செ.மீ. வால் விட்டுவையுங்கள்.

பின்னி முடித்துக் கையில் எடுக்கும்போது சால்வை கசங்கிய காகிதம்போல் இருக்கும். பலர் அங்கேயே மனமுடைந்து மூலையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கம்பளிக்குரிய சோப்புத் திரவம் சில துளிகள் விட்டு, 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம், கலக்க வேண்டாம். தேய்த்தால் கம்பளி தடித்துச் சுருங்கும். எடுக்கும்போது இரு கைகளாலும் அடியில் தாங்கி எடுங்கள். ஈர எடையில் தொங்கவிட்டால் கோணலாக நீளும். பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே அழுத்தி ஈரத்தை உறிஞ்சவிடுங்கள்.

பிறகு விரிப்பு. ஃபோம் பாய் துண்டுகளை இணைத்து விரிக்கலாம். மெத்தைமேல் துண்டு விரித்தும் செய்யலாம். குண்டூசிகள் துருப்பிடிக்காதவையாக இருக்க வேண்டும். துருக்கறை கம்பளியிலிருந்து போகாது. முதலில் மேல்விளிம்பின் நடுவைக் குத்துங்கள். அங்கிருந்து இருபுறமும் நேர்கோட்டில் இறக்கைகளை இழுத்துக் குத்துங்கள். அடுத்து முதுகெலும்பைக் கீழே இழுத்து நுனியைக் குத்துங்கள். அதன் பிறகே ஓரத்து இதழ்கள், நடுவிலிருந்து வெளிநோக்கி, இடது ஒன்று வலது ஒன்றாக. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சால்வை கோணிவிடும். மெரினோ என்றால் தயங்காமல் இழுக்கலாம். இடைவெளிகள் கண் திறப்பதைப் பார்ப்பீர்கள். பருத்தியையும் லினனையும் அவை போகும் அளவுக்குமட்டும் இழுங்கள். முழுவதும் காயும்வரை ஊசிகளை எடுக்காதீர்கள். கொஞ்சம் ஈரமிருந்தாலும் துணி பழையபடி சுருங்கத் தொடங்கும்.

நூல் வால்களைச் செருகுவதைக் காய்ந்த பிறகு செய்யுங்கள். முன்பே செருகி வெட்டினால், இழுத்துக் குத்தும்போது நுனிகள் வெளியே வந்துவிடும். மழுங்கிய முனையுள்ள தையல் ஊசியில் கோத்து, டபுள் குரோஷே தூண்களின் உடல் வழியாக மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, மறுபடி மேலே. சங்கிலிகளின்மேல் செருகினால் வெளியே தெரியும். மிச்ச நுனியை ஒட்ட வெட்டாமல் அரை செ.மீ. விட்டு வெட்டுங்கள்; இரண்டாவது முறை துவைத்த பிறகு அதையும் வெட்டிவிடலாம்.

இந்தச் சால்வையை ஹேங்கரில் மாட்டாதீர்கள், ஆணியில் தொங்கவிடாதீர்கள். தளர்வாக மடித்துத் தட்டில் வையுங்கள். பருவம் முடிந்து எடுத்துவைக்கும் முன் ஒருமுறை அலசிக் காயவைத்துவிடுங்கள். வியர்வையும் அழுக்கும் படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சி தேடி வருகிறது. அடுத்த இளவேனிலில் எடுக்கும்போது இதழ்கள் சற்றுச் சுருண்டிருந்தால் தண்ணீர் தெளித்து அந்த ஓரத்தை மட்டும் குத்திக் காயவிட்டால் போதும்.